விற்கப் போனபோதுதான் ஒப்பந்தத்தைப் படித்தேன்

ஒரு பெயர்பெற்ற கம்பெனியிடம் ஃப்ரான்சைஸ், அதாவது அதன் பெயரில் தொழில் செய்யும் உரிமை, எடுத்து 6 ஆண்டுகள் சலவை நிலையம் நடத்தினேன். ஒப்பந்தக் காலம் 10 ஆண்டுகள். முதுகுவலியால் நாள் முழுக்க நிற்க முடியாமல் போனதும் விற்றுவிட முடிவு செய்தேன். ஆள் தேடவும் வேண்டியிருக்கவில்லை. என்னிடம் மேற்பார்வையாளராக இருந்தவரே, "அண்ணா, நானே எடுத்துக்கிறேன்" என்றார். விலை பேசி முடிக்க ஒரு மாலை போதுமாயிருந்தது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். 7 மாதம் ஆயிற்று.

விற்பனைப் பத்திரம் எழுத ஒரு வக்கீலிடம் போனேன். இருவருக்குமாக ஒரே வக்கீல் போதும் என்று நான்தான் சொன்னேன். அவர் மறுத்து, வாங்குகிறவரைத் தனி வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, "நீங்கள் விற்கப்போவது என்ன?" என்று கேட்டார். கடையைத்தான் என்றேன். என் ஒப்பந்தத்தை வாங்கிப் பின்பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். பெயரும் பலகையும் கம்பெனியுடையவை. பில் போடும் மென்பொருள், அதிலுள்ள வாடிக்கையாளர் பட்டியல், கடையின் தொலைபேசி எண் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். இடம் வாடகை. எனக்கென்று மிஞ்சியது இயந்திரங்களும் மீதி 4 ஆண்டுகள் அந்தப் பெயரில் தொழில் செய்யும் உரிமையும்தான். அந்த உரிமையையும் கம்பெனி எழுத்தில் சம்மதித்தால்தான் கைமாற்றலாம். கையெழுத்துப் போட்ட அன்றும் இதெல்லாம் அதே தாளில்தான் இருந்தது. நான் பார்த்தது, அந்தப் பெயருக்காகக் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டி எத்தனை சதவீதம் என்பதை மட்டும்.

முதல் முட்டுக்கட்டை, வாங்குவதில் கம்பெனிக்கு இருந்த முன்னுரிமை. வெளியாள் எந்த விலைக்குக் கேட்கிறாரோ அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ள அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. வாய்ப்பேச்சு செல்லாது என்பதால் எங்கள் பேரத்தை எழுத்தில் போட்டு அனுப்பினோம். 29ஆம் நாள், தங்களுக்கு வேண்டாம் என்று பதில் வந்தது.

அடுத்தது வாங்குகிறவரின் ஒப்பந்தம். நான் போட்டது அவருக்கு அப்படியே மாறாதாம். கம்பெனி இப்போது எல்லோருக்கும் கொடுக்கும் புதிய படிவத்தில்தான் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ராயல்டி 6 சதவீதத்திலிருந்து 8 ஆகியிருந்தது. உடனே அவர் விலையைக் குறைத்துக் கேட்டார். இரண்டு நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராயல்டி லாபத்தின் மேல் அல்ல, மொத்த விற்பனையின் மேல். 100 ரூபாய் விற்பனையில் 15 ரூபாய் மிஞ்சும் கடையில் கூடுதலாக 2 ரூபாய் போனால் 13தான் மிஞ்சும். அவர் கேட்டது நியாயம்தான்.

கடையைப் புதிய தோற்றத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த வேலைக்கு 12 மாத அவகாசம் வாங்கி, செலவில் பாதியை விலையில் கழித்துக்கொண்டோம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது கேரண்டிதான். தொடக்கத்தில் கம்பெனிக்கு ஒன்று, கட்டட உரிமையாளருக்கு ஒன்று என இரண்டு தனிநபர் கேரண்டி கொடுத்திருந்தேன்; கடை பாக்கி வைத்தால் என் சொந்தப் பொறுப்பில் கட்டுவேன் என்ற உறுதி அது. கடையை விற்றால் அவையும் தாமாகவே முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முடியாது. புதியவர் வாடகை கட்டாவிட்டால், கடையை விட்டுப் போய்விட்ட என் மேல், என் சொத்தைக் குறிவைத்து வழக்கு வரும். கைமாறிய தேதிக்குப் பிறகு வரும் பாக்கிகளுக்கு நான் பொறுப்பல்ல என்று கம்பெனி எழுதித் தந்தது. அதற்கே நான்கு கடிதங்கள் போக வேண்டியிருந்தது. கட்டட உரிமையாளர் அசையவில்லை. அவர் பக்கமும் யோசித்துப் பார்த்தால் தெரிந்த ஒருவனை விட்டுவிட்டுப் புதியவரை ஏன் நம்ப வேண்டும்? கடைசியில் புதியவர் கூடுதல் முன்பணம் கட்டினார். என் கேரண்டி 12 மாதத்துக்கும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கும் மட்டும் என்று சுருங்கியது. அதற்குள் ஏதாவது நான் கட்ட நேர்ந்தால் புதியவர் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று விற்பனைப் பத்திரத்தில் தனியாக எழுதிக்கொண்டோம்.

சம்மதக் கடிதத்தோடு கம்பெனி இன்னொரு தாளும் அனுப்பியிருந்தது. கம்பெனி மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, இனியும் எழுப்ப மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். விளம்பர நிதிக்கென்று மாதாமாதம் வாங்கிய பணத்துக்குக் கணக்கே காட்டாதவர்கள்! எனக்கு ஆத்திரம். வக்கீல் நிதானமாக, "அவர்களுக்கும் உங்கள் மேல் கோரிக்கை இல்லை என்று அதே தாளில் எழுதித் தரட்டும்" என்றார். தந்தார்கள். விளம்பரக் கணக்கை அதோடு விட்டுவிட்டேன்.

இந்த அலைச்சலுக்கு நடுவே வக்கீல் சொன்ன ஒன்று என்னை அரித்தது. அமெரிக்காவில் கையெழுத்துப் போடவோ பணம் கட்டவோ குறைந்தது 14 நாள் முன்பாக, 23 தலைப்புகளில் விவரம் அடங்கிய ஆவணத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். சமீபத்தில் விலகிப்போனவர்களின் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் புதிதாகச் சேர்கிறவர் 14 நாளுக்குள் மனம் மாறி விலகிக்கொள்ளலாம். எல்லா நாட்டிலும் இப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்திலும், விலகியவர்களின் பட்டியலைக் கேட்பதை யாரும் தடுக்கவில்லையே. நான் கேட்டதில்லை. என்னிடம் வாங்கியவர் கேட்டார். இருவரிடம் பேசிய பிறகுதான் முன்பணம் கொடுத்தார்.

2 ஆண்டுகளுக்கு அதே தொழிலில் இறங்கக் கூடாது என்ற தடையும் எனக்கு உண்டு. இந்த முதுகோடு அது பெரிய இழப்பில்லை. இப்போதும் பழைய வாடிக்கையாளர் சிலர் என் சொந்த எண்ணுக்கே அழைக்கிறார்கள். கடையின் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அப்படிச் செய்ய வேண்டும் என்பதும் பத்திரத்தில் இருக்கிறது. இந்த முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.