பதினெட்டில் ஒரு செல்

மே 3
மதியம் 2.40க்கு எங்கள் சிமென்ட் ஆலையில் ஐ.டி. ஃபேன் டிரைவ் டிரிப். கில்ன் என்கிற சூளையின் புகையை இழுக்கும் பெரிய விசிறி அது; அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் தானாக நின்றுவிட்டது. அந்த ஃபேன் நின்றால் கில்னுக்கு மூச்சே நின்ற மாதிரி. ஃபீடை நிறுத்தி, தீயை அணைத்து, கில்னின் இரும்பு உருளை (ஷெல்) வளைந்துவிடாமல் மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் 'பி பேஸ், 4ஆவது செல், ஓவர் டெம்பரேச்சர்'. டிரைவுக்குள் மூன்று பேஸிலும் சேர்த்து 18 செல்கள், அதாவது தனித்தனி பவர் பெட்டிகள். பிரேக்கரை இறக்கி, எர்த் போட்டு, கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகக் கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் "எப்போ ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று ஆறு போன்.

திறந்தால் ஒரு கெபாசிட்டர் வயிறு உப்பி நிற்கிறது. அந்தச் செல்லை மட்டும் ஒதுக்கி, பைபாஸில் போட்டு ராத்திரி ஓட்டிவிட்டோம். வேகம் கொஞ்சம் குறைவுதான். ஃபேன் என்பதால் சமாளிக்கலாம். வேகம் 10 சதவீதம் குறைந்தால் பவர் 27 சதவீதம் இறங்கிவிடும்.

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எலக்ட்ரீஷியன் அண்ணன் பேப்பர் தாளை ஒவ்வொரு பேனல் கதவு ஃபில்டரிலும் வைத்துப் பார்த்தார். உள்ளே காற்று இழுத்தால் தாள் ஒட்டும். மற்றதில் ஒட்டிக்கொண்டது, பி பேஸில் கீழே விழுந்தது. மேலே காற்றை இழுக்கும் ப்ளோயரின் பேரிங் இறுகிக் கிடக்கிறது. ஃபில்டரில் சிமென்ட் தூசி அப்பியிருக்கிறது. செக்லிஸ்டில் மட்டும் போன வாரம்கூட டிக் இருக்கிறது. 6.6 கிலோவோல்ட் டிரைவைப் படுக்க வைத்தது இதுதான்.

மே 7
ஸ்டோர்ஸில் ஸ்பேர் செல் இருந்தது. ஐந்து வருஷமாகப் பிரிக்காத பெட்டி.

"புதுசுதானே சார், மாட்டிடலாமே?" என்றான் டிரெய்னி.

"புதுசு இல்லப்பா, சும்மா இருந்தே பழசானது."

வோல்டேஜ் இல்லாமல் கிடந்தால் கெபாசிட்டருக்குள் ஆக்சைடு படலம் மெலிந்துவிடும். எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுத்தால் லீக்கேஜ் கரண்ட் ஏறி, சூடாகி வெடிக்கும். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை படிப்படியாக ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் கரண்ட் இறங்கும் வரை பொறுத்தோம். "பட்டினி கிடந்தவனுக்கு முதல்ல கஞ்சிதான்" என்றார் அண்ணன்.

மே 9
செல் மாட்டியாயிற்று. 18ம் ஓடுகின்றன. ஸ்பேர் பெட்டிகளில் இனி சார்ஜ் ஏற்றிய தேதி எழுத வேண்டும். செக்லிஸ்டில் டிக்குக்குப் பதில் டெம்பரேச்சர் எழுதச் சொல்லியிருக்கிறேன். கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. முணுமுணுப்பு இருக்கிறது.

எல்லாக் கதவிலும் ஒரு தாள் தொங்கவிட்டோம். சி பேஸ் தாள் மட்டும் சரியாக ஒட்டவில்லை. நாளைக்கு அந்த ப்ளோயரை இறக்க வேண்டும்.