ஜெய்சால்மரில் ஒரு பகல்

ஜோத்பூருக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் நாங்கள் ஜெய்சால்மருக்குப் போகாமலே இருந்தோம். சாலை வழியாக ஏறக்குறைய 285 கிலோமீட்டர். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம் என்றால் ஊரைப் பார்ப்பது எப்போது என்ற கணக்கிலேயே ஒவ்வொரு விடுமுறையும் கழிந்தது. பொங்கலுக்குப் பின் அம்மா பரமக்குடியிலிருந்து வந்திருந்தபோதுதான், இரவு ரயிலில் ஏறி விடியலில் இறங்கி, பகல் முழுவதும் சுற்றிவிட்டு, மறுபடி இரவு ரயிலிலேயே திரும்பிவிடலாம் என்று கணவர் வழி சொன்னார். அம்மா, கணவர், ஒன்பது வயது மகள், நான் என நால்வரும் ஜனவரிக் குளிரில், இன்னும் இருட்டு விலகாத நேரத்தில் ஜெய்சால்மரில் இறங்கினோம்.

குளித்து உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை மட்டும் எடுத்தோம். கோட்டைக்கு உள்ளேயே விடுதிகள் உண்டு என்றாலும் அங்கே தங்குவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன்; அதற்கான காரணத்தைக் கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

முதலில் போனது கடிசர் ஏரிக்கு. கடசி சிங் என்ற மன்னர் 14ஆம் நூற்றாண்டில் வெட்டிச் சீரமைத்த நீர்நிலை அது. கால்வாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பு இந்த ஊரே அதைக் குடித்துத்தான் உயிர் வாழ்ந்தது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத நிலத்தில், பெய்த மழையெல்லாம் வழிந்து வந்து சேரும்படி சுற்றுப்புறத்தை ‘ஆகோர்’ என்று பெயரிட்டு, அசுத்தம் படாமல் காத்திருக்கிறார்கள். படகுக்காரர்களும் புகைப்படம் எடுப்பவர்களும் வந்து சேராத அந்தக் காலை வேளையில், நீரின் நடுவே நிற்கும் மஞ்சள் கல் மண்டபங்கள் மேல் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மகள் ரொட்டித் துண்டைப் போட்டதும் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வாயைத் திறந்தன. அம்மா படித்துறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் இறங்கினார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. “ஊருணியில செருப்போட இறங்குவாங்களா?” என்று மட்டும் சொன்னார். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய சீமையில் பிறந்து, கோடையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நீர் முகந்து குடம் நிரப்பியவர் அவர். எனக்குச் சுற்றுலாத் தலமாகத் தெரிந்தது அவருக்கு அந்த நொடியிலேயே குடிநீராகத் தெரிந்துவிட்டது.

கோட்டையை ராவல் ஜெய்சல் 1156இல் கட்டினார். ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து 2013இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 99 கொத்தளங்கள், நான்கு வாயில்கள் எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்தது அங்கே இன்னும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள் என்பதுதான். கொடியில் துணி காய்கிறது; தாளிக்கும் வாசம் சந்துக்கு வருகிறது; பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் அரச மாளிகையின் நிழலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். அப்படி ஒரு சந்தில், வீட்டுச் சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப்போய், அதற்கு மேல் உப்புப் பூத்திருந்தது. மகள் விரலால் தொட்டாள். கல் மஞ்சள் மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

தலையிலும் இடுப்பிலும் நீர் சுமந்து மேலே கொண்டுவந்து சிக்கனமாகப் புழங்கிய காலத்துக்கென்று அமைந்தவை கோட்டையின் வடிகால்கள். குழாய் வந்து, விடுதிகள் வந்து, அறைக்கு அறை குளியலறையும் வந்த பிறகு, கழிவுநீர் கசிந்து குன்றின் களிமண் அடுக்குகளில் இறங்கி, கொத்தளங்களின் அடித்தளத்தையே இளக்கிவிட்டது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இல் இந்தக் கோட்டையை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஒரு நாள் குளியலுக்காக அந்தக் குன்றின் மேல் நான்கு பேர் தண்ணீரைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. குடியிருப்பவர்களின் பிழைப்பு விடுதிகளை நம்பி இருக்கிறது என்பதையும் அறிவேன். கோட்டைக்குள் தேநீர் குடித்தோம், அம்மா அங்கேயே ஒரு கம்பளிச் சால்வை வாங்கினார்.

பட்வா ஹவேலியைச் சற்று அவசரமாகத்தான் பார்த்தோம். 19ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பம் ஒன்று கட்டிய ஐந்து மாளிகைகளின் தொகுதி அது; கல் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சல்லடைச் சாளரங்கள் நுட்பமானவை.

மாலையில் மணற்குன்றுகளைப் பார்க்கச் சம் என்ற ஊருக்குப் போகும் வழியில், பாலிவால் அந்தணர்கள் கைவிட்டுச் சென்ற குல்தாரா கிராமத்தில் இறங்கினோம். அங்கே எல்லாரும் பேய்க் கதையையே சொல்கிறார்கள். இப்படிச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் விட்டுச்சென்ற பெரிய செல்வம் ‘கடீன்’ என்ற வேளாண்முறை: பாறை மேட்டிலிருந்து வழியும் மழைநீரைத் தாழ்வான பக்கத்தில் மண்கரை போட்டுத் தேக்கி, நீர் மண்ணில் ஊறி இறங்கிய பிறகு, அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, வெறும் பொட்டலுக்கு நடுவே முழங்கால் உயரம் நின்ற பச்சைக் கோதுமையைக் காட்டினார். அம்மா கரையின் மேல் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். நாம் கண்மாயில் நீரைத் தேக்கிக் கரைக்கு வெளியே ஆயக்கட்டில் பயிர் செய்கிறோம், இவர்கள் கண்மாயின் உள்வாயிலேயே விதைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அந்த முறை முழுமையாகப் புரிந்தது.

ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சம்மில் ஒட்டகங்கள், ஜீப்புகள், ஒலிபெருக்கிகள் என்று கூட்டம் நெரிந்தது. குழந்தையோடு போகிறவர்கள் சாலையோரக் குன்றிலேயே நின்றுவிடாமல் இரண்டு குன்றுகள் தள்ளி நடந்து போவது நல்லது. அங்கே காற்று வரைந்த மணல் அலைகளின் குறுக்கே ஒரு வண்டு, தையல் போட்டதுபோல் தடம் பதித்துக்கொண்டு ஏறியது. சூரியன் மறையும்வரை மகள் அதன் பின்னாலேயே குனிந்து நடந்தாள்.

இரவு ரயிலில், தலைமுடியெல்லாம் மணலோடு அம்மாவின் மடியில் படுத்தபடி, அவருடைய ஊருணி இப்போதும் இருக்கிறதா என்று மகள் கேட்டாள். “இருக்குடி. மழை பெய்ஞ்ச வருஷம் வா, காட்டுறேன்” என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டிருந்தாள்.