சப்பாத்தைக் குனிந்து பார்த்த ஆசிரியை

மகன் டிசம்பர் நடுவில் பிறந்தவன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைக்கு எந்த ஆண்டில் நான்கு வயது நிறைகிறதோ, அந்த ஆண்டின் செப்டெம்பரிலேயே பாலர் வகுப்பில் சேர்க்கலாம். டிசம்பர் 31 தான் எல்லை. அதனால் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியின் வேலிக்குள் அவன் முதன்முதலாகப் போய் நின்றபோது அவனுக்கு வயது மூன்றும் எட்டரை மாதமும். பக்கத்தில் நின்ற ஜனவரிப் பிள்ளைகள் அவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்கள். அவர்கள் தங்கள் பையைத் தாங்களே மாட்டியிருந்தார்கள். என் மகனின் பை என் தோளில் இருந்தது.

நான் அன்று கவலைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. முந்தைய விஜயதசமிக்கு அம்மம்மா அவனை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கியிருந்தார். ‘அ’ எழுதுவான். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் பாடமாகச் சொல்வான். ஐம்பது வரை எண்ணுவான். அந்தக் கோடை முழுவதும் சமையலறை மேசையில் வைத்து நான் பழக்கியது அதைத்தான்.

இரண்டாம் நாள் மாலை அவன் வேறு காற்சட்டையோடு வெளியே வந்தான். ஈரக் காற்சட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டிருந்தது. ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தவறு தன்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்டார். நடந்தது இவ்வளவுதான்: அவன் ஆசிரியையிடம் போய் “சூ” என்றிருக்கிறான். வீட்டில் சிறுநீருக்கு நாங்கள் சொல்லும் சொல் அது. ஆங்கிலக் காதில் அது ‘ஷூ’, அதாவது சப்பாத்து. அவர் குனிந்து அவன் சப்பாத்தைப் பார்த்து, ஒட்டுப்பட்டியைக் கழற்றி இறுக்கி ஒட்டிவிட்டு, தலையைத் தடவி அனுப்பியிருக்கிறார். அவன் மீண்டும் வந்து “சூ” என்றிருக்கிறான். அவர் மற்றச் சப்பாத்தையும் இறுக்கியிருக்கிறார். மூன்றாவது முறை வந்து நின்றபோது சொல்லுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

இருபத்தாறு எழுத்து தெரிந்த பிள்ளைக்கு, அவசரத்துக்குத் தேவையான ஒரு சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த செப்டெம்பரில் பிள்ளையை அனுப்பவிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதை எழுதுவதற்கு அந்தப் பிளாஸ்டிக் பைதான் காரணம்.

முதலில் பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது இலகுவான பகுதி. ஜேகே (முதலாண்டு), எஸ்கே (இரண்டாம் ஆண்டு) என்று இங்கே எல்லோரும் சொல்லும் இரண்டு ஆண்டுப் பாலர் வகுப்பு, முழுநாள் வகுப்பு. 2010 இல் தொடங்கி 2014 இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கட்டணம் இல்லை. கட்டாயமும் இல்லை, சட்டப்படி ஆறு வயதில்தான் பள்ளி கட்டாயம். ஆனால் ஓராண்டு தாமதித்து அனுப்பினால் பிள்ளையை ஜேகேயில் அல்ல, தன் வயதுக்காரரோடு எஸ்கேயில்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள். “பிந்தி அனுப்பினால் மெல்ல மெல்லப் பழகுவான்” என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கான அத்தாட்சி, குடிவரவு ஆவணம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றோடு குளிர்காலத்திலேயே பதிந்துவிடுவது நல்லது. தடுப்பூசி விடயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மருத்துவர் ஊசி போட்டுவிட்டால் அந்தத் தகவல் தானாகவே பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. நாம்தான் அறிவிக்க வேண்டும். நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் போட வேண்டிய ஊசிகளும் உண்டு. பதிவு முழுமையில்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இனி வகுப்பறை. ஜேகேயும் எஸ்கேயும் பெரும்பாலும் ஒரே அறையில் இருக்கும். சராசரி 26 பிள்ளைகள், ஒரு வகுப்பில் பொதுவாக 29 வரை போகலாம். ஓர் ஆசிரியரும், ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வியாளர் ஒருவரும் சேர்ந்து நடத்துவார்கள். சின்ன வகுப்பென்றால் ஆசிரியர் மட்டும்தான். இரண்டு பெரியவர்கள், இருபத்தாறு பிள்ளைகள். அத்தனை பிள்ளைகளுக்கும் ஜனவரியில் பனிக் காற்சட்டை மாட்ட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஏன் அவர்கள் எழுத்தைப் பற்றிக் கேட்காமல், “தானே உடுப்பு மாற்றுவானா, சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறப்பானா” என்று கேட்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. முதல் மாதம் தினமும் வாசலில் “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்பேன். “மண்” என்பான். அடுத்த நாள் “தண்ணீர்” என்பான். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஆசிரியையிடமே கேட்டேன், எழுத்து எப்போது தொடங்கும் என்று. அவர் கோபிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். தண்ணீர்த் தொட்டியில் மகன் ஒரு சின்னக் கிண்ணத்தால் பெரிய போத்தலை நிரப்பிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் ஒரு சிறுமி விரல்களை மடக்கி எண்ணுகிறாள். எத்தனை கிண்ணம் பிடிக்கும் என்பதில் இருவருக்கும் தகராறாம். இரண்டு தரம் ஊற்றிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்களாம். அப்போதைய பாடத்திட்டம் நான்கு பகுதிகளாக இருந்தது: மற்றவர்களோடு சேர்ந்திருப்பதும் பங்களிப்பதும், தன்னைத் தானே கட்டுப்படுத்துவதும் நலமும், எழுத்தும் கணிதமும், சிக்கலைத் தீர்ப்பதும் புதிதாக யோசிப்பதும். எங்கள் வீட்டில் கல்வி என்றால் மூன்றாவது மட்டும்தான். அந்தப் படத்திலோ நான்கும் இருந்தன. முழுக்க ஒப்புக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். எழுத்து கொஞ்சம் முன்னதாக வந்தால் என்ன என்று இன்றும் எனக்குள் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் முணுமுணுக்கிறாள். ஆனால் வாசலில் அந்தக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். “இன்று யார் அழுதார்கள்?” என்று கேட்பேன். கதை கொட்டும்.

மலசலகூடம் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, ஆகவே நான் பேசுகிறேன். நம் வீடுகளில் பிள்ளையைத் தண்ணீரால் கழுவிவிடுவோம். பள்ளியில் காகிதம்தான். ஆசிரியர்கள் துடைத்துவிடமாட்டார்கள். என் மகன் ஆறு வாரம் அங்கே மலம் கழிக்காமல் அடக்கி, வீட்டுக்கு ஓடி வந்தான். பின்னர் மலச்சிக்கலாகி மருத்துவரிடம் போனோம். காகிதத்தை எவ்வளவு கிழிப்பது, எப்படி மடிப்பது, எந்தப் பக்கமாகத் துடைப்பது என்பதைக் கோடையிலேயே வீட்டில் பழக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்லி வையுங்கள். அது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். பட்டியும் பொத்தானும் உள்ள காற்சட்டை வேண்டாம், இலாஸ்டிக் இடுப்புப் போதும். மாற்றுடுப்பு ஒரு சோடி எப்போதும் பையில் இருக்கட்டும், காலுறை உட்பட. காலுறையை நான் மறந்திருந்தேன்.

சாப்பாட்டில் இரண்டு விடயம். ஒன்று, வேர்க்கடலையும் முந்திரி போன்ற கொட்டை வகைகளும். 2003 இல் ஒன்ராறியோவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியில் சாப்பிட்ட உணவின் ஒவ்வாமையால் இறந்தாள். அவள் பெயரால் வந்த சப்ரினா சட்டம் 2006 ஜனவரி முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. கடும் ஒவ்வாமைக்கென ஒவ்வொரு கல்விச்சபையும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். எதைக் கொண்டுவரக்கூடாது என்பதைப் பள்ளிதான் சொல்லும். எங்கள் பள்ளியில் கொட்டை வகை எதுவும் கூடாது. புட்டும் இடியப்பமும் அனுப்பலாம். கேசரியில் முந்திரி இருக்கும், மிக்சரில் கடலை இருக்கும், அம்மம்மா அன்போடு பையில் ஒளித்து வைக்கும் பண்டத்தில் என்ன இருக்கும் என்று அவருக்கு மட்டுமே தெரியும். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நேரம். ஊட்டிப் பழக்கிய பிள்ளைக்கு இருபது நிமிடம் போதாது. மகன் தெர்மாஸ் குடுவையின் மூடியைத் திறக்க முடியாமல், கேட்கவும் தெரியாமல், சோற்றை அப்படியே கொண்டுவந்த நாட்கள் உண்டு. வாங்கும்போது கடையிலேயே அவனைத் திறக்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கொதிநீரைப் பத்து நிமிடம் ஊற்றி வைத்து, கொட்டிவிட்டு, பிறகு சோற்றைப் போட்டால் மதியம் வரை சூடு நிற்கும். கோடை முழுவதும் ஊட்டுவதை நிறுத்துங்கள். சிந்துவான், சிந்தட்டும்.

பனிக்கால உடுப்பு ஒரு தனிக் கலை. குளிரிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். மிகக் கடுங்குளிர் என்றால்தான் உள்ளே வைத்திருப்பார்கள். வரிசை முக்கியம்: பனிக் காற்சட்டை, பூட்ஸ், கோட், தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்டால் சிப்பை இழுக்க முடியாது. ஐந்து விரல் கையுறை வேண்டாம், பெருவிரல் மட்டும் தனியாக இருப்பதை வாங்குங்கள். கோட் போட ஆசிரியை கற்றுக்கொடுத்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. கோட்டின் உட்புறம் மேலே தெரிய நிலத்தில் விரித்து, தொப்பிப் பக்கம் பிள்ளையின் கால்மாட்டில் இருக்குமாறு வைக்க வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கைகளையும் கோட்டின் கைகளுக்குள் விட்டு, தலைக்கு மேலால் தூக்கிப் போட்டால் கோட் தானாக முதுகில் விழுந்துவிடும். மகன் அதை முதல்முறை செய்தபோது தான் ஏதோ மாயம் செய்துவிட்டதாகவே நினைத்தான். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். இரண்டு கையுறையிலும்.

மொழியில்தான் நான் செய்த பெரிய பிழை. “சூ” சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் மகன் அம்மம்மாவோடு கதைப்பதைக் குறைத்துவிட்டான். என்னோடும் குறைத்தான்; ஏனென்றால் என் ஆங்கிலம் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆங்கிலம், கதை சொல்லும் ஆங்கிலம் அல்ல. வகுப்பிலும் ஒரு சொல் பேசவில்லை. ஆசிரியைதான் என்னை நிறுத்தினார். வீட்டில் தமிழே பேசுங்கள், எந்த மொழியில் என்றாலும் கதை கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டாவது மொழி ஏறும், புதிய மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கம் என்றார். அத்தோடு என்னிடம் பத்துத் தமிழ்ச் சொற்கள் கேட்டார். தண்ணீர், பசி, வலி, குளிர், அம்மா வருவார், வெளியே, போதும், இங்கே வா, நல்லது, கடைசியாகச் சூ. ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் சின்னப் படமும் வரைந்து கதவருகே ஒட்டினார். “அம்மா வருவார்” என்பதை அவர் சொல்லும் அழகே தனி. றகரம்போல ஒரு ரகரம் விழும். மகன் முதன்முதலாக வகுப்பில் வாய் திறந்தது அதைத் திருத்துவதற்குத்தான். அது நவம்பர்.

அந்த மாதமே முதல் அறிக்கையும் வந்தது. புள்ளியும் இல்லை, தரமும் இல்லை. ஆரம்ப அவதானிப்பு என்று ஒரு பக்கம், பிறகு பெப்ரவரியிலும் ஜூனிலும் விரிவானவை. எத்தனையாம் பிள்ளை என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட பெரியப்பாவுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. “நண்பர்களுக்குத் தமிழ்ச் சொற்களைக் கற்பிக்கிறான்” என்று அதில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். “அது சரி, கணக்கு எப்படி?” என்றார்.

பிரிவு பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் பல பள்ளிகள் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகவே எடுக்கும், ஆகவே முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகத் திட்டமிடாதீர்கள். வாசலில் அழுதால் கட்டிப்பிடித்து, எப்போது வருவேன் என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போங்கள். என் கணவர் வேலி ஓரமாக மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்ப்பார். மகன் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த பத்து நாள் அந்த மரத்தைப் பார்த்து அழுதான். சளியும் காய்ச்சலும் கிறிஸ்துமஸ் வரை விடாது. விடுப்பு நாட்களை மிச்சம் வைத்திருங்கள். பேன் பற்றிக் கடிதம் வந்தால் வெட்கப்பட வேண்டாம், எல்லா வீட்டுக்கும்தான் வரும்.

இந்த செப்டெம்பரில் மகள் போகிறாள். அவள் மே மாதத்தவள், கொஞ்சம் திடமானவள். அவளுக்கு இருபத்தாறு எழுத்தும் தெரியாது. ஆனால் ஜூலை வெயிலில் வரவேற்பறை நடுவில் பனிக்கோட்டை விரித்து, தலைக்கு மேலால் தூக்கிப் போட்டு, வியர்க்க வியர்க்கச் சிப்பை இழுக்கிறாள். அண்ணன் பக்கத்தில் நின்று அதட்டுகிறான். “வாஷ்ரூம்” என்று சொல்லவும் அவனே பழக்கிவிட்டான், இரண்டு மாதமாக வீட்டிலும் அதையே சொல்கிறாள். நேற்று அம்மம்மாவிடம் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, “வாஷ்ரூம், வாஷ்ரூம்” என்று நின்றாள். அம்மம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன ரூம்? எனக்கு விளங்கவில்லை. சூ என்று சொல்லு பிள்ளை.”