மொனிட்டரா, கிராபிக்ஸ் கார்டா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்

மாசி, பங்குனியில் காலபோக நெற்காசு புழங்கத் தொடங்கினால் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. இருக்கிற 1080பி மொனிட்டரைத் தள்ளிவிட்டுக் கூடிய ரெசலூஷனில் (திரையில் உள்ள பிக்சல், அதாவது படப்புள்ளிகளின் அளவு) ஒன்று எடுப்பதா, அல்லது படத்தை வரைந்து மொனிட்டருக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா? இரண்டுக்கும் சேர்த்துக் காசு காணாது.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டைத் தவிர வேறு எந்த வேலையாக இருந்தாலும் மொனிட்டர்தான் முதல். விளையாட்டுக்குத்தான் என்றால் கார்ட். ஆனால் வன்னியில் கார்டின் விலை என்பது கார்டின் விலை மட்டுமல்ல. பவர் சப்ளையையும் யூபிஎஸ்ஸையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் உண்மைத் தொகை தெரியும். பலர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

முதலில் கணக்கு. 1080பி எனப்படும் 1920×1080 திரையில் ஏறக்குறைய 20.7 இலட்சம் பிக்சல். 1440பி எனப்படும் 2560×1440 என்றால் 36.9 இலட்சம், அதாவது 1.78 மடங்கு. 4கே (3840×2160) என்றால் 82.9 இலட்சம், சரியாக நான்கு மடங்கு. மொனிட்டரை மாற்றியவுடன் இந்தச் சுமை முழுவதும் பழைய கார்டின் தலையில் விழும். 1080பியில் நொடிக்கு 60 பிரேம் (படம்) ஓடிய விளையாட்டு 1440பியில் பொதுவாக 40க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கார்டை மட்டும் மாற்றினால் இப்படி ஒரு பக்க விளைவு இல்லை, பழைய மொனிட்டர் பேசாமல் இருக்கும்.

ஒரு சதமும் செலவழிக்காமல் இதைச் சோதிக்கலாம். என்விடியா கார்ட் என்றால் என்விடியா கொன்ட்ரோல் பனலில் ‘மனேஜ் 3டி செட்டிங்ஸ்’ போய், ‘டிஎஸ்ஆர் பக்டர்ஸ்’ என்ற வரியில் 1.78ஐத் தெரிவு செய்து அப்ளை கொடுங்கள். பிறகு விளையாட்டின் டிஸ்பிளே பட்டியலில் 2560×1440 தானாக வந்திருக்கும். வரவில்லை என்றால் விண்டோஸ் டெஸ்க்டொப்பையே அந்த ரெசலூஷனுக்கு மாற்றிவிட்டு விளையாட்டைத் திறங்கள். ஏஎம்டி கார்ட் என்றால் அட்ரினலின் மென்பொருளில் ‘வேர்ச்சுவல் சுப்பர் ரெசலூஷன்’ என்பதை ஓன் செய்தால் போதும். படம் புது மொனிட்டரின் கூர்மையோடு தெரியாது, ஆனால் கார்ட் இழுக்கும் சுமை அதே சுமைதான். அரை மணித்தியாலம் விளையாடிப் பாருங்கள். அந்த வேகம் பொறுக்கக்கூடியது என்றால் மொனிட்டரை எடுக்கலாம். பொறுக்க முடியாவிட்டால், 1440பி மொனிட்டர் வாங்கி அதில் 1080பியில் விளையாடும் நிலைதான் வரும். 1080பி படம் 1440பி திரையில் 1.33 மடங்காக நீட்டப்படுவதால் கலங்கித் தெரியும். 4கே திரையில் 1080பி அகலத்திலும் உயரத்திலும் சரியாக இரட்டிப்பாவதால் அவ்வளவு மோசமில்லை. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் வசதி இருக்கிற விளையாட்டு என்றால் தப்பிக்கலாம். 1440பியில் ‘குவாலிட்டி’ போட்டால் உள்ளே 1706×960இல்தான் படம் வரையப்படுகிறது. டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும், எப்எஸ்ஆரின் 4க்கு முந்திய பதிப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும்.

இன்னொரு சோதனை எதிர்ப்பக்கத்துக்கு. கார்டை மாற்ற முடிவெடுக்கும் முன், தடங்கல் கார்டிலா என்று பாருங்கள். விளையாட்டை 1280×720க்கு இறக்குங்கள். பிரேம் நன்றாகக் கூடினால் கார்ட்தான் மூச்சு வாங்குகிறது. கூடவே இல்லை என்றால் பிழை புரொசசரிலோ ரம்மிலோ. கார்டின் சுமையைக் காட்டும் எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் மென்பொருளில் ஜிபியு (கார்டின் சிப்) 95 வீதத்துக்கு மேல் நின்றால் கார்ட், 60 வீதத்தில் நின்றுகொண்டு படம் இடைக்கிடை துள்ளினால் மற்றது. எங்கள் பக்கத்தில் ஓடும் கொம்பியூட்டர்களில் பலதும் கொழும்பு அலுவலகங்களிலிருந்து கழித்து வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகை. அவற்றில் 8 ஜிபி ரம் ஒற்றைக் குச்சியாக இருக்கும். அதே மாதிரி இன்னொரு குச்சியைச் செருகி இரண்டும் ஒரேநேரத்தில் வேலை செய்யும் இரட்டைச் சனலாக்கினால் கிடைக்கும் முன்னேற்றத்தை, பாதி விலைக் கார்ட் ஒன்றும் தராது. இன்னமும் ஹாட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள்.

இனி பவர் சப்ளை. “500 வாட்ஸ் எண்டு பெட்டியிலயே போட்டுக்கிடக்குத் தம்பி, தாராளமாக் காணும்” என்று கடையில் சொல்வார்கள். பெட்டியை நம்பாதீர்கள், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதில் 12வி (12 வோல்ட்) என்ற நிரலுக்குக் கீழ் எத்தனை அம்பியர் என்று இருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட். கார்டும் புரொசசரும் சாப்பிடுவது அதைத்தான், 500ஐ அல்ல. 12வி1, 12வி2 என்று இரண்டு நிரல் இருந்தால் இரண்டையும் வெறுமனே கூட்டிவிடவும் கூடாது. சேர்ந்த உச்சம் எவ்வளவு என்று கீழே தனியாகப் போட்டிருப்பார்கள்.

மதர்போர்ட் ஸ்லொட்டிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது 75 வாட். 6 பின் வயரில் இன்னொரு 75, 8 பின்னில் 150. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170, ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115. இவை எல்லாவற்றுக்கும் வயர் வேண்டும். பவர் சப்ளையில் 8 பின் இல்லை என்று மொலெக்ஸிலிருந்து மாற்றும் வயரைக் கடையில் தருவார்கள். அது சூடாகி உருகுவதும் உண்டு. 8 பின் இல்லாத பவர் சப்ளை, அந்தக் கார்டுக்கு ஆனதில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஒப்டிபிளெக்ஸ் போன்ற ஒடுங்கிய பெட்டிகளில் பவர் சப்ளை 180 அல்லது 240 வாட், மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் வேறு மாதிரி. வெளிக்கடைப் பவர் சப்ளை அதில் ஏறாது. அங்கே வழி, வயர் தேவைப்படாத குட்டை வகைக் கார்ட் மட்டும்தான். 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடுகிறது, 240 வாட் பெட்டிக்குப் பொருந்தும். அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, அது 130 வாட், மாறி வாங்கிவிடாதீர்கள். ஆர்எக்ஸ் 6400ஐயும் குட்டைப் பெட்டிக்கென்று தள்ளிவிடுவார்கள். அது மதர்போர்டோடு நான்கு லேனில் (தரவுப் பாதையில்) மட்டும் இயங்கும் கார்ட். புது மதர்போர்டில் பரவாயில்லை, எச்81 போன்ற பழைய போர்டில் ஸ்லொட் வேகம் குறைந்த பிசிஐஇ 2.0 வகை என்பதால் வேகம் கண்ணுக்குத் தெரியக் குறையும்.

பிறகு யூபிஎஸ். இங்கே சாதாரணமாக வைத்திருப்பது 650 விஏ. அது தருவது 360, 390 வாட் அளவு. ஐ5-12400எப் புரொசசரோடு ஆர்டிஎக்ஸ் 3060 பூட்டி விளையாடினால் மொனிட்டரோடு சேர்த்து 300க்கு மேல் இழுக்கும். கணக்கில் இடம் இருக்கிறது போலத் தோன்றும். ஆனால் கார்ட் கண நேரத்துக்குத் தன் அளவை மீறித் துள்ளும் பழக்கம் உள்ளது. கரண்ட் போன அதே நொடியில் அது நடந்தால் யூபிஎஸ் கத்திவிட்டு நின்றுவிடும். உள்ளே இருப்பதோ 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி. இந்தச் சுமையில் புதுப் பற்றரியே சில நிமிடம்தான் தாங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி போல நாடு முழுக்கக் கரண்ட் போகும் நாளில் யூபிஎஸ் தருவது, கோப்பைச் சேமித்து மூடும் நேரத்தை மட்டும்தான். இன்னொரு சிக்கல்: அக்டிவ் பிஎப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல பவர் சப்ளைகளில் சில, மலிவு யூபிஎஸ் பற்றரியிலிருந்து தரும் படிக்கட்டு வடிவ மின் அலையை ஏற்காமல், பற்றரிக்கு மாறும் தருணத்தில் அணைந்துவிடும். அதனால் நல்ல பவர் சப்ளை வாங்கியபின் யூபிஎஸ்ஸும் மாற்றவேண்டி வரலாம். உட்கிராமங்களில் லைன் முடிகிற பக்கத்து வீடுகளில் பின்னேரம் வோல்டேஜ் இறங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே குறைந்த வாட்டுக்குக் கூடிய வேகம் தரும் கார்ட்தான் புத்தி. பாவித்த ஆர்எக்ஸ் 580 மலிவுதான், 185 வாட் விழுங்கும்.

மொனிட்டருக்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை. 27 அங்குல 4கே மொனிட்டர் சாதாரண வெளிச்சத்தில் 30, 40 வாட்டோடு நிற்கும். கொம்பியூட்டர் மாறினாலும் அது மேசையில் இருக்கும்.

ஆனால் எந்த மொனிட்டர்? இங்கே ரெசலூஷனையும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 அங்குலம் 1080பியில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே 1080பியை 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆக இறங்கும். பெரிய திரைக்குக் காசு கொடுத்து மங்கலை வாங்குவது அது. 27 அங்குலம் 1440பி 109, 4கே 163. 32 அங்குல 1440பி திரும்பவும் 92. ரீவியை மொனிட்டராக்கும் எண்ணம் இருந்தால், 32 அங்குல மலிவு ரீவி பல 1366×768தான். அங்குலத்துக்கு 49 பிக்சல். எழுத்து வாசிக்க அது உதவாது.

தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் 100 வீதத்தில் இருந்தால், 11 அளவு எழுத்துக்குக் கிடைப்பது 15 பிக்சல் உயரம். அதற்குள் ணூவின் வளைவும் வாலும் அடங்க வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு பிக்சல். ‘ன’வா ‘ண’வா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது அதனால்தான். 1440பிக்கு மாறினாலும் 100 வீதத்திலேயே வைத்தால் அதே 15 பிக்சல்தான், இன்னும் சின்னதாக. இடம் கூடும், தெளிவு கூடாது. 27 அங்குல 4கேயை 150 வீதத்தில் வைத்தால் அதே எழுத்துக்கு 22 பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாகத் தெரியும். எனவே கொமினிகேசன் கடை, அச்சு வேலை, நாள் முழுக்க ஆவணம் திருத்துவோருக்கு 4கே. விளையாட்டுக்கு 1440பி. நடுவில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை. 4கேயில் பழைய மென்பொருள் ஏதும் கலங்கித் தெரிந்தால் அதன் ஐகனில் வலது கிளிக், புரொப்பேட்டிஸ், கொம்பட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ போய் மேலெழுதும் பெட்டியை டிக் செய்து ‘அப்ளிகேஷன்’ வையுங்கள். கலக்கம் போகும், சிலவற்றில் மெனு சின்னதாகிவிடும்.

4கே ஓட்ட கார்ட் வேண்டுமா என்று கேட்பார்கள். எழுத்து வேலைக்கு வேண்டாம். இன்டெல் ஒன்போர்ட் கிராபிக்ஸ் போதும், ஆனால் டிஸ்பிளே போர்ட் வழியாக. பழைய மதர்போர்டுகளின் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 வகை, 4கேயில் 30 ஹேர்ட்ஸ்தான் தரும். மவுஸ் இழுபடும், “மொனிட்டர் பழுது” என்று திருப்பிக் கொண்டுபோவார்கள். 60 ஹேர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் 1.2 வேண்டும். விஜிஏ வயரை மறந்துவிடுங்கள்.

கலியாண வீட்டு ஸ்டூடியோக்காரருக்கு விடை கொஞ்சம் வேறு. 12×36 அங்குல அல்பப் பக்கம் 300 டிபிஐயில் 3600×10800 பிக்சல், நாலு கோடிக்குக் கிட்ட. அங்கே கார்ட் செய்வது சொற்பம். ரம்மும், எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பை 99 வீதம் காட்டும் ஐபிஎஸ் வகைத் திரையும்தான் வேலை. கூறைச் சேலையின் சிவப்பு திரையில் ஒன்றாகவும் அச்சில் ஒன்றாகவும் வந்தால் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வீடியோ எடிட்டிங்கில், புதுக் கமராவின் 10 பிட் 4:2:2 எச்இவிசி என்ற வகையில் சுருக்கிய கோப்பு டைம்லைனில் தத்தினால், ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்ட் வாங்கியும் அது தீராது. அந்த வகையை அவிழ்க்கும் பகுதி அவற்றில் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த ஒன்போர்ட் கிராபிக்ஸில் இருக்கிறது, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலும் இருக்கிறது. பெயர் முடிவில் ‘எப்’ உள்ள இன்டெல் புரொசசர்களில் ஒன்போர்ட் கிராபிக்ஸே இல்லை. பிறொக்சி (கோப்பின் சிறிய நகல்) செய்து எடிட் பண்ணினால் பழைய கொம்பியூட்டரிலேயே ஓடும், அதற்குக் காசும் இல்லை.

அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் போல லப்டொப் வைத்திருப்போருக்குக் கேள்வியே எழாது. உள்ளே கார்டை மாற்ற முடியாது. ஓட்டோகேட் வரைய வெளி மொனிட்டர் ஒன்று போதும்.

வெக்கை பற்றி ஒன்று. தகரக் கூரை அறையில் சோழகக் காலத்து மத்தியானம் என்விடியா கார்ட் 83 பாகை வந்ததும் தானாக வேகத்தைக் குறைக்கும். செம்மண் தூசி ஹீட்சிங்கில் படிந்தால் இன்னும் சீக்கிரம். மாதம் ஒருமுறை விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழலவிட்டு ஊதினால் பெயரிங் போய்விடும். பெட்டியின் பின்பக்கத்தில் திறந்துகிடக்கும் ஸ்லொட் இடைவெளிகளையும் மூடிவிடுங்கள், பல்லி ஒன்று உள்ளே போனாலே போதும்.

பாவித்த கார்ட் வாங்குவதாக இருந்தால் விற்பவர் முன்னாலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (கார்டின் கணிப்பு அலகு) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது ஆர்எக்ஸ் 570இன் வேகம்தான். போலி என்விடியா கார்ட் என்றால் அந்த மென்பொருளே பெயருக்கு முன்னால் ‘FAKE’ (போலி) என்று காட்டிவிடும். பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் பேர்மார்க் மென்பொருளைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டுத் திரையில் புள்ளி, கோடு ஏதும் பறக்கிறதா என்று பாருங்கள்.

மொனிட்டரைக் கொழும்பு யூனிட்டி பிளாசாவிலிருந்து எடுப்பித்தால், பஸ்ஸில் பெட்டியை நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும், படுக்கவைத்து மேலே மூட்டை ஏற்றினால் பனல் வெடிக்கும். பெட்டியைப் பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள். போட்டவுடன் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓடவிட்டுச் செத்த பிக்சல் பாருங்கள். மாற்றித் தரும் கெடு சில கடைகளில் ஏழு நாள்தான், வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதுவியுங்கள். கார்ட் உள்ள கொம்பியூட்டர் என்றால் மொனிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் என்றாலும் விண்டோஸ் அதை 60இல் வைத்திருக்கக்கூடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே போய் நீங்களே மாற்றவேண்டும்.