ஸ்கேல் வைத்து அடித்த வரி

"கடலுக்கு எவ்வளவு போனாப் போதுமுங்க டீச்சர்?" என்று என் மாணவன் ஒருவனின் அப்பா கேட்டது 2018 ஆகஸ்டில். கொடுமுடியில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடிய சமயம். இன்னமும் மனசுக்குள் அவருக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நீர் மேலாண்மை பற்றி ஒரு கட்டுரைப் போட்டி. அவர் மகன், என் பதினொன்றாம் வகுப்புப் பையன், "கடலுக்குப் போகும் ஆற்றுநீர் வீணல்ல" என்று எழுதியிருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததுதான். பரங்கிப்பேட்டை போனபோது வெள்ளாற்றுக் கழிமுகத்தில் மெல்லிய வலைத்துணியில் அரித்து, ஃபார்மலின் விட்டு ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தேன். வெறும் கண்ணுக்குக் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். நுண்ணோக்கியில் வட்டமான டயட்டம் ஒன்று, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழும் நுண்பாசி, வந்து நின்றது. கண்ணாடித் தட்டில் ஊசியால் வரிசையாகப் புள்ளி குத்தியது போல இருக்கும். அவன் கண்ணை எடுக்கவே இல்லை. அந்த ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கா மலைப்பாறையில் கரைந்து ஆற்றோடு போவது என்றேன்.

"நம்ம பவானித் தண்ணியிலயும் போகுதுங்களா டீச்சர்?"

போகுது கண்ணு, என்றேன். வெள்ளாறு வேறு ஆறு. நம் தண்ணீர் கொள்ளிடமாக அதற்குத் தெற்கே கடல் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பிச்சாவரம். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு மிதவை உயிரியாக அலைந்து, டயட்டம் தின்று, கழிமுகத்துக்குள் ஏறி, அலையாத்தி வேர்களிடையே வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். ஆற்றுநீர் வந்து உப்பைத் தணிக்காவிட்டால் அந்த நாற்றங்கால் கெட்டுவிடும்.

நாற்றங்கால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கு வாயில் வரவில்லை.

பையனின் அப்பா கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை விவசாயி. கோபமாக வரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே பேசினார். "ரெண்டு வருசமா கடைமடை காஞ்சு கெடக்குதுங்க. பையன் என்னடான்னா கடலுக்குப் போறது நல்லதுன்னு எழுதியிருக்கறானுங்க." மேட்டூர் உபரி கீழ்பவானிக்கு வராது என்று ஆரம்பித்தேன். "அது தெரியுமுங்க" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

எனக்குத் தெரியவில்லை. அவர் போனதும் பையனைக் கூப்பிட்டு, "இந்த வரி வேண்டாம், எடுத்துடு" என்றேன். ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு அடித்தான். ஏன் என்று கேட்கவில்லை.

அளவு சொல்லத் தெரியாத ஒன்றை அந்தப் பையன் தலையில் ஏற்றி, அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் வைக்கக் கூடாது என்றுதான் செய்தேன். இப்போதும் அது தப்பென்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் வகுப்பில் தயங்காமல் சொன்னவளும் நான்தானே. அவர் மறுக்கவே இல்லை, கணக்குக் கேட்டார். முறைத்தண்ணீருக்கு நாள் எண்ணியே வாழ்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்? நான் அதைப் புகாராக எடுத்துக்கொண்டேன்.

கணக்கு அச்சிலேயே இருந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 என்று ஒதுக்கியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அவர் வந்து நிற்பதற்கு ஆறு மாதம் முன்பு.

சரி, அதைச் சொல்லியிருந்தால் பதிலாகியிருக்குமா? 14 என்பது பங்கு பிரித்தவர்கள் வைத்த எண். இறால் குஞ்சுக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. வெள்ளமாக ஒரே வாரத்தில் போவதும் மாதாமாதம் கொஞ்சம் போவதும் கழிமுகத்துக்கு ஒன்றல்ல. இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கழிமுகம் காவிரியின் கடைமடைதானே.

இதைச் சொல்லிவரலாம் என்று இரண்டு தடவை வண்டியை எடுத்தேன். இந்தப் போகத்துக்கு அங்கே தண்ணீர் எட்டியதா என்று தெரியாமல் போய் நிற்க மனம் வரவில்லை.