எண்ணெய்க் கணக்கு: காக்கி புக்கிட் பட்டறை நாட்குறிப்பு

11 ஜூன் 2024, செவ்வாய்

காலையில் எங்கள் சிங்கப்பூர்க் கார் ஏசி பட்டறைக்கு ஒரு தனியார் வாடகைக் கார் வந்தது; ஏசி சரியாகக் குளிரவில்லை. ஓட்டுநர் அறுபதை நெருங்கியவர். தீவு விரைவுச்சாலையில் நண்பகல் நெரிசலில் நின்றால் பின்னிருக்கைப் பயணிகள் கைக்குட்டையால் விசிறிக்கொள்கிறார்கள் என்றும், அதனால் நட்சத்திர மதிப்பெண் குறைகிறது என்றும் வருத்தத்துடன் சொன்னார். "ரெண்டு வருஷத்துல மூணு தடவை காஸ் போட்டாச்சு, தம்பி. ஒவ்வொரு தடவையும் கம்ப்ரசருக்கு நல்லதுன்னு ஒரு டின் ஆயிலும் சேர்த்துப் போட்டாங்க" என்றார். எந்தப் பட்டறை என்று நான் கேட்கவில்லை. டின்னின் அளவைத்தான் கேட்டேன். அவர் கைப்பேசியில் வைத்திருந்த படத்தில் 60 மில்லிலிட்டர் என்று தெளிவாக இருந்தது.

கேஜ் மாட்டிப் பார்த்தபோது தாழ்வழுத்தம் 55, உயர்வழுத்தம் 290 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியது. நம் ஊர் வெயிலில் முறையே 30 முதல் 40 வரையும், 200 முதல் 230 வரையும் இருந்தால் எனக்கு மனநிறைவாக இருக்கும். காற்று வரும் வாயில் வெப்பமானி 14 பாகை செல்சியஸ் காட்டியது. காஸ் கூடிவிட்டது என்று எவரும் நினைக்கக்கூடிய அறிகுறிகள்தாம் இவை. ஆனால் மீட்பு இயந்திரத்தில் உறிஞ்சி எடை போட்டபோது கிடைத்தது 440 கிராம்தான். பானட்டுக்கு அடியில் உள்ள சீட்டு 470 கிராம் ஆர்-134ஏ (குளிரூட்டும் காஸ்) என்கிறது. காஸ் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது. காஸோடு சேர்ந்து வந்த எண்ணெய் 20 மில்லிலிட்டர் இயந்திரத்தின் குப்பியில் தேங்கி நின்றது.

12 ஜூன், புதன்

காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைக் கழற்றி, வடிகால் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே அளவுக்குவளையில் வடித்தோம். எண்ணெய் முதலில் கம்பியாக இறங்கியது, பிறகு நூலாக மெலிந்தது, கடைசியில் துளித்துளியாக அரை மணி நேரம் சொட்டியது. கசிவு காட்டும் சாயம் கலந்திருந்ததால் இளம்பச்சை நிறம். வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்ததில் கறுப்போ, வெள்ளித் துகளோ இல்லை. கம்ப்ரசர் இன்னும் தேயவில்லை என்று அறிந்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். குவளையில் நின்ற அளவு 138 மில்லிலிட்டர்.

கம்ப்ரசர்மேல் ஒட்டியுள்ள சீட்டின்படி முழு அமைப்புக்குமே 120 மில்லிலிட்டர்தான். அதில் ஏறத்தாழப் பாதிதான் கம்ப்ரசரில் தங்கியிருக்க வேண்டும். மீதி, உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், குழாய்கள் ஆகியவற்றில் பரவியிருக்கும்.

எங்களிடம் தொழில் பழகும் தம்பி, "எஞ்சின் ஆயில் மாதிரி குச்சி விட்டுப் பார்க்க முடியாதா, அண்ணே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. எஞ்சினில் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது. இங்கே எண்ணெய்க்கென்று தனிப் பாதையே கிடையாது. அது காஸோடு கலந்து, காஸ் போகும் இடமெல்லாம் போய், காஸோடுதான் கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிறது. ஆகவே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. வெளியே வந்ததை அளந்து, உள்ளே போவதை அளந்து, இரண்டையும் எழுதி வைத்தால்தான் கணக்குத் தெரியும். கசிவு சிறியதென்றால் காஸ் குறைந்த அளவுக்கு எண்ணெய் குறைந்துவிடுவதில்லை என்பதை மறந்து, ஒவ்வொரு முறையும் ஒரு டின் ஊற்றுவது அக்கறை போலத் தோன்றும். உண்மையில் அது கம்ப்ரசருக்கும் ஓட்டுநருக்கும் செய்யும் கெடுதல்.

மிகையான எண்ணெய் கூலிங் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து, வெப்பம் காஸுக்குள் செல்வதைத் தடுக்கிறது. கண்டென்சரிலும் அப்படியே படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுத்து, இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் அழுத்தம் ஏறுகிறது, குளிர் குறைகிறது. குறைவாக இருந்தாலோ கம்ப்ரசர் காய்ந்து இறுகிவிடும்.

14 ஜூன், வெள்ளி

கசிவு அகப்பட்டது. கண்டென்சரின் கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்குத் தூசு ஈரமாக ஒட்டியிருந்தது. புற ஊதா விளக்கில் அது பச்சையாக ஒளிர்ந்தது. இந்த வகைக் கண்டென்சரில் காஸ் பல நுண்குழாய்களில் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுவதால், கழுவும் திரவம் அடைப்பில்லாத வழியாகவே ஓடிவிடும். அடைபட்ட வழி அப்படியே இருக்கும். கசிந்தாலும் கசியாவிட்டாலும் இதை மாற்றித்தான் இருப்பேன். பழையதைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டதில் மாலைக்குள் 45 மில்லிலிட்டர் சொட்டியது.

கூலிங் காயிலை நைட்ரஜனால் ஊதியபோது மேலும் 50 வந்தது. பிறகு காஸை விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிவிட்டுக் காயிலையும் குழாய்களையும் தனித்தனியே கழுவி, கழுவிய திரவத்தின் வாடைகூட இல்லாத அளவுக்கு மறுபடியும் நைட்ரஜனால் உலர்த்தினோம். 20, 138, 45, 50, ஆக 253. ஆலையில் ஊற்றிய 120-உம் மூன்று டின்களின் 180-உம் சேர்ந்தால் 300. மீதி 47 கசிவிலும் கழுவலிலும் போயிருக்கும். கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது.

புதிய கண்டென்சர் செவ்வாய்க்கிழமைதான் வருமாம். திறந்த வாய்கள் அனைத்தையும் மூடியிட்டு அடைத்தோம்.

17 ஜூன், திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. வீட்டில் இருந்தபோது, 1996-இல் சின் மிங் வட்டாரத்தில் எனக்குத் தொழில் கற்றுத் தந்தவரின் நினைவு வந்தது. பழைய யார்க் கம்ப்ரசரில் அடித்தொட்டி இருந்தது; திருகைக் கழற்றி, வளைத்த கம்பியை விட்டு எண்ணெய் மட்டத்தை அவர் பார்ப்பார். அப்போது ஆர்-12 காஸ், கனிம எண்ணெய். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஆர்-134ஏ வந்தது. கனிம எண்ணெய் அதில் கரையாததால் எண்ணெயும் மாறியது. எண்ணெயை மாற்றாமல் புது காஸை மட்டும் நிரப்பிய வண்டிகளில் எண்ணெய் காயிலிலேயே தங்கிவிட, கம்ப்ரசர் இறுகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

18 ஜூன், செவ்வாய்

கண்டென்சர் வந்தது. ஈரம் உறிஞ்சும் டிரையர் அதன் பக்கக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. சீட்டில் குறித்தபடி பி.ஏ.ஜி. 46 என்ற செயற்கை எண்ணெய். போன மாதம் திறந்து பாதி மீந்திருந்த டின்னைத் தம்பி எடுத்து வந்தான், வேண்டாம் என்றேன். பி.ஏ.ஜி. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். சிங்கப்பூர்க் காற்றில் மூடி தளர்ந்த டின் ஒரு மாதம் இருந்தால் அதை நம்ப முடியாது. முதலாளி முகம் சுளித்தாலும் புது டின்னைத்தான் உடைத்தோம்.

கம்ப்ரசரைப் புது எண்ணெயால் ஒருமுறை அலசி வடித்தோம். எவ்வளவு வடித்தாலும் உள்ளே ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் ஒட்டியிருக்கும். ஆகவே 120-இல் 15 போக 105. கம்ப்ரசருக்கு 50, காயிலுக்கு 30, கண்டென்சருக்கு 25. ஒவ்வொன்றையும் ஊசிக்குழலில் இழுத்து, தம்பி உரக்க எண்ணைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். இணைப்புகளின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் எல்லாமே புதியவை. மாட்டிய பிறகு பெல்ட்டைப் போடுமுன் தண்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினேன். சிலிண்டருக்குள் தேங்கிய எண்ணெயோடு எஞ்சினை இயக்கினால், அழுந்தாத திரவம் வால்வை உடைத்துவிடும்.

பிற்பகலில் மழை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப்பை 45 நிமிடம் ஓடவிட்டோம். வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போனால் 30 பாகையிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். குழாயில் ஒட்டிய ஈரம் அப்படித்தான் வெளியேறுகிறது. எண்ணெய்க்குள் ஊறிவிட்ட ஈரத்தை வேக்கம் எளிதில் பிரிக்காது. பழைய டின்னை ஒதுக்கியதன் காரணம் தம்பிக்கு அப்போது புரிந்தது. பம்ப்பை நிறுத்தி 20 நிமிடம் காத்திருந்தோம், முள் அசையவில்லை. எடை பார்த்து 470 கிராம் காஸ் ஏற்றினோம். உயர்வழுத்தம் 215, காற்று வாயில் 7 பாகை.

20 ஜூன், வியாழன்

இன்று ஒரு ஹைப்ரிட் கார். எஞ்சின் நின்றாலும் மின்மோட்டாரால் ஓடும் கம்ப்ரசர் அதில் இருக்கிறது. மோட்டாரின் சுருள் எண்ணெயில் நனைந்தபடியே சுழல்கிறது. அதனால் மின்காப்புத் தரும் பி.ஓ.இ. வகை எண்ணெய்தான் ஆகும். டென்சோ கம்ப்ரசருக்கு என்.டி. ஆயில் 11. பி.ஏ.ஜி. சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் குறைந்து, கார் உயர்மின்னழுத்தக் கசிவு என்று எச்சரித்து நின்றுவிடக்கூடும். கேஜ் குழாயின் உட்சுவரில் ஒட்டிய எண்ணெய்கூட ஆபத்து என்பதால், நீல நாடா சுற்றிய தனிக் குழாய்களை இத்தகைய கார்களுக்கென்றே வைத்திருக்கிறோம். தம்பி தவறிச் சாதாரணக் குழாயை எடுத்தான், மாட்டுமுன் பார்த்துவிட்டேன். அந்த இரண்டையும் இனி வெவ்வேறு சுவர்களில் மாட்ட வேண்டும்.

26 ஜூன், புதன்

வாடகைக் கார் ஓட்டுநர் வந்தார். எட்டு நாள் ஓட்டத்துக்குப் பின்னும் 7 பாகைதான். மீண்டும் கசிவு பார்த்தேன், எங்கும் இல்லை. பானட்டுக்கு அடியில், பழைய சீட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு சீட்டு ஒட்டினேன்: "18-6-2024. பி.ஏ.ஜி. 46, மொத்தம் 120 மி.லி. முழுதும் புதிது. அளக்காமல் எண்ணெய் சேர்க்க வேண்டாம்." தமிழில் எழுதியதைப் படித்துவிட்டு அவர், "அடுத்த வொர்க்‌ஷாப்காரனுக்கும் புரியணுமே, தம்பி" என்றார். ஆங்கிலத்திலும் எழுதினேன், சீனத்தில் எழுதப் பக்கத்துப் பட்டறை டயர்க்காரரைத் தம்பி அழைத்து வந்தான். மூன்று வரிகளின்மேலும் தெளிந்த நாடாவை ஒட்டிப் பானட்டை மூடினோம்.