பீரோ கதவு மூட வேண்டும்: ஆடி முதல் தை வரை

துணி வாங்குவதை நிறுத்தப் போகிறேன் என்று ஆடி மாதத்தில் சொன்னால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஆடித் தள்ளுபடி பேனர் கட்டாத ஜவுளிக்கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நான் வேண்டுமென்றேதான் அந்த மாதத்தைப் பிடித்தேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வியாபாரம் படுத்திருக்கும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழையதைத் தள்ளிவிடக் கடைக்காரர்களுக்கு வாய்த்த மாதம். அவர்கள் ஸ்டாக் குறைய, என் வீட்டு ஸ்டாக் ஏறும். இந்தத் தடவை நானும் குறைப்பது என்று உட்கார்ந்தேன். பொங்கல் வரை புதுத்துணி இல்லை, தீபாவளிக்கு ஒரு சேலை மட்டும் விலக்கு. அவ்வளவுதான் திட்டம். அவ்வப்போது குறித்து வைத்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

ஆடி

இரண்டு கதவு இரும்பு பீரோ. மூட வேண்டுமென்றால் இடுப்பால் ஒரு தள்ளு கொடுத்துக்கொண்டே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். திறக்கும்போது ஏதாவது ஒரு முந்தானை வெளியே விழும். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் கொட்டினேன்.

ஒரு வருடமாக உடுத்தாததைக் கொடுத்துவிடு என்று எல்லோரும் சொல்லும் ஒரு யோசனை இருக்கிறது. குர்த்திக்கும் பேன்டுக்கும் சரி. நம் பீரோவுக்கு அது ஒத்து வராது. பட்டுச்சேலை வருடத்துக்கு ஒரு கல்யாணம் பார்த்தாலே பெரிய விஷயம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் கூறைச்சேலையைத்தான் முதலில் வெளியே போட வேண்டியிருக்கும். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இதை ஏன் கட்டவில்லை என்று மட்டும் கேட்டு, பதிலுக்குத் தகுந்தபடி குவித்தேன்.

பிடிக்காத குவியல்தான் பெரிதாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பெரிய குவியல், ஜாக்கெட் பத்தாதவை. அடுத்தது ஃபால்ஸ் அடிக்காமல் கவரோடு கிடந்தவை. அப்புறம், கஞ்சி போடச் சோம்பல்பட்டு ஒதுக்கிய நூல் சேலைகள். உள்பாவாடை கலர் சேராதவை. விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்த சேலைகள் தனியாக ஒரு அடுக்கு. அவை எங்கிருந்து எங்கே சுற்றி என்னிடம் வந்தன என்பது யாருக்கும் தெரியாது. உண்மையாகவே பிடிக்காதவை கட்டிலின் ஒரு மூலையில் அடங்கிவிட்டன.

சேலைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி கல்லூரி நாளிலும் அதே, பேரன் எடுத்த பிறகும் அதே. உடம்புக்குத் தகுந்து மாற வேண்டியது ஜாக்கெட்தான். அதை மாற்றாமல் விட்டதால் நல்ல சேலைகள் எல்லாம் உள்ளே கிடக்க, கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆக, பீரோவில் பாதி இடத்தை முடிக்காமல் விட்ட வேலை அடைத்துக்கொண்டிருக்கிறது. புதுச்சேலை வாங்கினால் அந்தப் பாக்கியில் இன்னொன்று சேரும். இது மனதில் பட்டபின் தள்ளுபடி பேனரைப் பார்க்கும் கண்ணே கொஞ்சம் மாறிவிட்டது.

ஆவணி

தையல் மாதம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் ஓடிய காலத்தில், ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டு வருவதற்குள் பிரித்துத் தைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தைப் பாதுகாக்கத்தான் வேண்டும், நியாயம்தான். இருந்தாலும் தூணில் செதுக்கிய கல் யாளிகளுக்குக் கீழே கேட்ட அந்த மெஷின் சத்தம் எனக்கு அந்த மண்டபத்தோடு சேர்ந்தது.

குவியலைப் பையில் கட்டிக்கொண்டு போனேன். தையல்காரத் தம்பி ஒவ்வொரு ஜாக்கெட்டையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். நன்றாகத் தைத்த ஜாக்கெட்டில் பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் கால் அங்குல இடைவெளியில் ஒன்றையொட்டி ஒன்று ஓடும். அதற்கு வெளியே மிச்சத் துணி மடங்கியிருக்கும். உடம்பை ஒட்டிய தையலைப் பிளேடால் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு அங்குலம் இளகும். கை வரைக்கும் அதே தையல் போவதால் கையும் சேர்ந்து இளகும். பருத்தியில் பிரித்த தடம் ஒரு துவைப்பில் போய்விடும். பட்டில் ஊசி போன ஓட்டை வரிசையாகத் தெரியும், வெளிச்சம் படாத துணி வெளியே வருவதால் அந்த இடம் மட்டும் கலர் அழுத்தமாக இருக்கும். ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணினால் ஓட்டை ஓரளவு மூடிக்கொள்ளும், கலருக்கு வழியில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "அக்கா, கையத் தூக்குனாத்தான் தெரியும். கல்யாண வீட்டுல கையத் தூக்கிக்கிட்டா நிக்கப் போறீங்க?" என்றார்.

ரெடிமேட் ஜாக்கெட்டுகளில் பல, உள்ளே துணியே விடாதவை. அவற்றில் சிலவற்றுக்கு அக்குளில் இருந்து கீழே வரை ஒரே கலரில் பட்டி வைத்து ஒட்டுப்போட்டார். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சேலைகளுக்குப் புதுச் சட்டைத்துணி எடுக்காமல், இருக்கும் கறுப்பு, மெரூன், தங்க நிற ஜாக்கெட்டுகளோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நல்ல தங்க நிற ஜாக்கெட் ஒன்று இருந்தால் எத்தனை சேலைக்குக் கை கொடுக்கிறது!

ஃபால்ஸை வீட்டிலேயே கையால் தைத்தேன். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். தைக்குமுன் ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பில் அது சுருங்கி, கரையையும் சேர்த்துச் சுருட்டிவிடும்.

இந்த மாதம் நோட்டில் எழுதிய கணக்கு: 1,200 ரூபாய்க்கு ஒரு சேலை. ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 150. லைனிங் ஜாக்கெட் 600. உள்பாவாடை 250. கட்டி வெளியே கிளம்பும்போது அது 2,200 ரூபாய்ச் சேலை. கடையில் 30 சதவீதம் தள்ளுபடி என்று எழுதியிருப்பது முதல் வரிக்கு மட்டும்தான்.

புரட்டாசி

வெளியே அனுப்பும் வேலை. நூல் சேலைகளில் நைந்தவற்றுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அக்கா மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், "சித்தி, பழைய நூல் சேலை இருந்தா ஒண்ணு விடாமக் குடுங்க" என்று வந்து வாங்கிக்கொண்டாள். தொட்டில் கட்ட, விரிக்க, துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைக்கு எந்தக் கடையிலும் மாற்று கிடையாது.

தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா வந்தார். குர்த்தியும் நைட்டியும் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். "இதெல்லாம் ஓடாதும்மா. பேன்ட் இருந்தாக் கொண்டாங்க, ஜரிகை இருந்தாக் கொண்டாங்க." வீட்டுக்காரரின் பேன்ட்டுகளைக் கொண்டுவந்தேன். ஒரு எவர்சில்வர் டப்பாவில் பேரம் ஆரம்பித்து மூடி போட்ட தூக்கில் முடிந்தது. யோசித்துப் பார்த்தால், பீரோவில் இடம் காலியாகி அடுக்களையில் இடம் அடைபட்டது. இதை முன்னேற்றக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் தூக்கு நன்றாக இருக்கிறது.

மிச்சத்தை இல்லத்துக்கோ நிவாரணத்துக்கோ கொடுத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்தது, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தாதது எல்லாம் சேர்ந்து வந்து, எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. டெல்லியில் 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலில் இருந்தும் அள்ளிப் பிரித்து, பயன்படுகிற விதத்தில் மாற்றிக் கொடுத்தது. வீடு இழந்தவர்கள் நம் பீரோவைச் சுத்தம் செய்து தர வேண்டியதில்லை. பட்டன் போட்டு, துவைத்து, இஸ்திரி போட்டு, நாளைக்கு நானே உடுத்திக்கொண்டு போவேன் என்பதை மட்டும் கொடுக்க எடுத்து வைத்தேன். மற்றது தரை துடைக்க.

ஐப்பசி

கடை வீதியைத் தாண்டிவிடலாம். போனைத் தாண்டுவதுதான் கஷ்டம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம் பார்த்து, போனில் சேலை விற்கிறவர்கள் லைவ் ஆரம்பிப்பார்கள். "சிங்கிள் பீஸ்தான் சிஸ்டர்ஸ், வேணும்கிறவங்க உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க." முந்தானையை விசிறிக் காட்டிவிட்டு, நாம் யோசிப்பதற்குள் அடுத்த சேலைக்குப் போய்விடுவார்கள். யாரோ எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பதற்றம்தான் அங்கே விற்பனையாகிறது.

குரூப்பை மியூட் பண்ணிப் பார்த்தேன், பயனில்லை; நானே போய்த் திறந்து பார்த்தேன். பிடித்த ஒரே ஒரு கடையை வைத்துக்கொண்டு மற்றவற்றில் இருந்து வெளியே வந்தேன். ஷாப்பிங் ஆப்களில் கார்டு விவரத்தை அழித்தேன். உண்மையில் வேலை செய்தது வேறு: ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன், அனுப்ப மாட்டேன். எல்லாம் ஒரு ஃபோல்டரில் போகும். அடுத்த அமாவாசைக்குத்தான் திறப்பேன். திறந்தபோது பாதிக்கு மேல் எதற்கு எடுத்தோம் என்றே ஞாபகம் வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: கடுகு மஞ்சளில் அரக்குக் கரை, திரும்பத் திரும்ப அதையேதான் பிடித்திருக்கிறேன். அந்தக் கலரில் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு ஆவணியில்தான் ஜாக்கெட் பிரித்தது. எடுத்து அடுத்த நாளே கட்டினேன். ஆசை பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஒரே ஒரு பாசிப்பச்சை மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் பிடிக்கிறது. அதற்கு ஜாக்கெட்டும் வீட்டில் இருக்கிறது. தையில் கேட்டுப் பார்ப்பேன்.

தீபாவளிச் சேலை சுங்குடி. இங்கே சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்வது. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கடையில் முதலில் எடுத்துப் போட்டவை எல்லாம் அச்சு. புள்ளிகள் ஒன்று போல இருக்கும், பார்க்க அழகுதான், விலையும் குறைவு. கை முடிச்சு கேட்டபோது உள்ளே இருந்து கொண்டுவந்தார்கள். துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் முக்கிப் பிரித்தது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் அளவு சரியாக ஒத்து வராது. நடுவில் சாயம் துளி ஏறியிருக்கும். தடவினால் கிள்ளிய இடம் விரலில் லேசாகத் தட்டுப்படும். அவசரத்தில் எடுத்தால் இதெல்லாம் பார்க்கவே தோன்றாது. விலை கூட. வருடத்தின் இந்தப் பாதிக்கு இது ஒன்றுதான் என்பதால் கை நடுங்கவில்லை. முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசினேன், அப்படியும் சாயம் கொஞ்சம் இறங்கியது.

கார்த்திகை

சொந்தத்தில் கல்யாணம். இப்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கலரில் செட் சேலை என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஒரு போட்டோவுக்காக எடுத்து, அதற்கப்புறம் யாரும் கட்டுவதில்லை. நாத்தனார் போன் பண்ணினாள். "மதினி, எல்லாரும் லேவண்டர் எடுக்கிறோம். உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிரவா?"

"லேவண்டர் என்கிட்டயே ஒண்ணு இருக்குமா. அதைக் கட்டிக்கிறேன்."

"கரை மாறுமே மதினி."

"ஓரமா நிக்கிறேன்."

கொஞ்சம் முகம் சுண்டியது, போனிலேயே தெரிந்தது. இந்த ஆறு மாதத்தில் கடைக்கோ போனுக்கோ இல்லை, இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. உறவில் வாங்கும் துணிக்கு நோட்டுக் கணக்கு உதவாது. வேறு கல்யாணமாக இருந்து, கேட்டது மாமியாராக இருந்திருந்தால் எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்கழி

முகூர்த்தம் இல்லாத மாதம், பட்டுகளுக்கு ஒதுக்கினேன். பிளாஸ்டிக் கவரில் இருந்தவற்றை எல்லாம் எடுத்துப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றினேன். அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளி. கவருக்குள் ஈரம் நின்றால் சீக்கிரம் கறுக்கும். அந்துருண்டையை மடிப்புக்குள் போடக் கூடாது. போடுவதானால் துணியில் முடிந்து தட்டு மூலையில் வைக்க வேண்டும். பழைய மடிப்பிலேயே வைத்தால் அந்தக் கோட்டில் இழை விட்டுப்போகும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றி மடித்தேன்.

அம்மாவின் சேலை ஒன்று ஏற்கனவே மடிப்பில் விட்டிருந்தது. பழைய பட்டு வாங்குகிறவரிடம் காட்டினேன். ஜரிகை இழை ஒன்றை உருவி நகத்தால் சுரண்டினார், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அசல் ஜரிகையாம், விலையும் சொன்னார். நல்ல விலைதான். கொடுக்கவில்லை. உடல் போனாலும் முந்தானையும் கரையும் கெட்டியாக இருந்தன, அண்ணன் பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன்.

தை

கதவு ஒரு கையால் மூடுகிறது. நடுத்தட்டில் பின்சுவர் தெரிகிறது. ஒவ்வொரு சேலைக்குள்ளும் அதன் ஜாக்கெட்டை மடித்து வைத்திருப்பதால் காலையில் தேடுவது நின்றது. நூல் சேலைக்குக் கஞ்சி போடும் வேலை மட்டும் இன்னும் பாக்கி. அதற்கு நானும் ஒரு முடிவுக்கு வந்து, கஞ்சி இல்லாமலே வீட்டில் கட்டிக்கொள்கிறேன்.

வைத்துக் கொடுத்த சேலைகளின் அடுக்கு அப்படியே இருக்கிறது. சுற்றில் விடலாமா, சுற்றை என்னோடு நிறுத்தலாமா என்று இன்னும் பிடிபடவில்லை. வீட்டுக்காரரின் தட்டை நான் தொடவில்லை. பேன்ட் போனதை அவர் இப்போதுதான் கவனித்திருக்கிறார். பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி வேறு இருக்கிறது. இறக்க ஆள் கிடைத்தால் மாசியில் பார்க்க வேண்டும்.